முழங்கால் தைலம்

என் மாமியாருக்கு மழை பிடித்துவிட்டால் முழங்கால் வலி வந்துவிடும். பாகூர் ஏரி நிரம்பினால் ஊரே சந்தோஷப்படும். எங்கள் வீட்டில் மட்டும் ஆதிலட்சுமி அம்மாள் முனகுவது கேட்கும். தைலம் தடவுவது நான்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது என் வேலை. "தையலு கை பட்டாத்தான் எனக்குத் தூக்கம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பொய்யில்லை ஐயா, நன்றாகத்தான் தடவுவேன்.

ஆனால் இந்த ஒரு வருஷமாக என் கையால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். நான் மருந்து வைத்துவிடுவேன் என்று பயம். அடுப்பங்கரையை என் ஓரகத்தி அமுதத்திடம் ஒப்படைத்துவிட்டார். நீங்கள் பட்டணத்து ஆட்கள், அதனால் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் மருந்து வைப்பது என்றால், ஆளை முடிக்கிற விஷத்தைச் சோற்றில் வைப்பதுதான். வேறு வழியில் வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றியிருக்காது. டாக்டர் இன்னாசிமுத்து சொல்லித்தான் தெரிந்தது.

என் மகள் ஆண்டாளுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டர் பொறுமைசாலி. "வலிப்பு வந்து கண்ணு சொருகிட்டா வாய்ல ஒண்ணும் ஊத்தாதம்மா, தூக்கிக்கினு ஓடியா, ஊசி போடறேன்" என்றார். வாய்க்குப் போகாத மருந்து எப்படி வேலை செய்யும் என்று கேட்டேன். சிரித்தார். "ஒடம்புக்கு வாய் ஒண்ணுதான் வாசலா? ஊசி ஒரு வாசல். ஆசனவாய் ஒரு வாசல். மூச்சு ஒரு வாசல். தோலுகூட வாசல்தான், அதுல புண்ணு இருந்தா கதவைத் தெறந்து வச்ச மாதிரி" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் வலிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் சாமிநாதன் வெல்லம் ஏற்றிக்கொண்டு கடலூர் போயிருந்தார். இன்னொரு வண்டி இருந்தது; மாமியார் மாடு பூட்ட விடவில்லை. "ஊசியால குத்துனா மருந்து சதையோட நின்னுபூடும்டி. தொண்டைக்குள்ள எறங்குனாத்தான் அது மருந்து" என்றார். கஷாயம் போட்டார். சங்கில் எடுத்து ஊற்றியாயிற்று. குழந்தைக்குப் புரையேறியது. அதற்குப் பிறகு அது அழவில்லை.

மாமியாரும் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் பிறகு என் முகத்தை நேராகப் பார்க்கமாட்டார். குற்றமுள்ள மனசு அப்படித்தான். அடுப்பை விட்டு என்னை விரட்டியவர், முழங்காலை மட்டும் என்னிடம் நீட்டினார். தோல்மேல் தடவுவது தோலோடு போய்விடும் என்பது அவர் எண்ணம். ஊசியைப் பற்றியும் அப்படித்தானே எண்ணியிருந்தார்.

இந்த மழைக்கு வலி அதிகம். தவிட்டு ஒத்தடம் கொடுத்துக் கொடுத்து முட்டியில் தோல் வழண்டு புண்ணாகியிருந்தது. வேலியோரம் தானாக முளைக்கும் ஒன்றைத் தைலத்தில் சேர்த்துக் காய்ச்சினேன். அதன் பெயர் வேண்டாம். இந்த ஊர்ப் பெண்களுக்குக் கெட்ட யோசனை வருவதில் எனக்கு இஷ்டமில்லை.

கையில் துணி சுற்றிக்கொண்டுதான் தடவினேன். முதலில் அவருக்கு நாக்கு வறண்டது. பிறகு பேச்சு குழறியது. காற்றில் எதையோ பொறுக்கினார். ஒரு நாள் இடுப்பைத் தட்டிக்கொண்டு, "ஆண்டாளு தூங்கிடுச்சிடி, மெதுவா பேசு" என்றார். இல்லாத குழந்தையை அவர் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கையிலிருந்த துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தடவுவதை நிறுத்தவில்லை.

பிள்ளைச்சாவடியிலிருந்து, வயிற்றில் வைத்த மருந்தை வெளியே எடுக்கிறவளைக் கூட்டிவந்தார்கள். எதையோ குடிக்கவைத்து வாந்தி எடுக்கவைத்தாள். வாந்தியைக் கிளறி, மயிர் சுற்றிய ஒரு கறுப்பு உருண்டையைக் காட்டினாள். "சோத்துலதான் வச்சிருக்கு" என்றாள். எல்லாருடைய கண்ணும் அமுதத்தின் மேல் திரும்பியது.

அவள் புருஷன், என் கொழுந்தன் சுப்பராயலு, அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்து வண்டியில் ஏற்றினான். மண்ணாடிப்பட்டுக்கு, அவள் தாய்வீட்டுக்கு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீயாவது சொல்லுக்கா. நான் இன்னா வச்சேன்?"

"நீ ஒண்ணும் வைக்கலன்னு எனக்குத் தெரியும்டி" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவளுக்கு மட்டும் கேட்டது. அது உண்மைதானே, ஐயா. நான் அவள்மேல் ஒரு பழியும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பொழுது சாயும்போது மாமியார் போய்விட்டார்.

மறுநாள் துக்கம் கேட்க டாக்டர் வந்தார். நான் வாசலில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். அவர் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். என் வலது கண்மணி மட்டும் அகல விரிந்து கிடந்ததாம். எனக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. அழுததால் என்று நினைத்திருந்தேன்.

"எத்தத் தடவுன, தையலு?"

"தைலம்தான்."

அவர் அப்படியே வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டார். "கண்ணும் ஒரு வாசல்னு ஒங்கிட்ட நான் சொல்லாம வுட்டுட்டேன்" என்றார். மனுஷர் முகம் வெளுத்துப்போயிற்று. நல்லவர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் உங்களிடம் வந்து சொன்னதும் நியாயம்தான்.

அமுதம் கிணற்றில் விழுந்த சேதி அதற்குப் பிறகுதான் வந்தது. மருந்து வைத்தவள் என்ற பெயரோடு தாய்வீட்டில் ஒரு ராத்திரிகூட அவளால் இருக்கமுடியவில்லை. அதையும் என்மேல் எழுதுவதானால் எழுதுங்கள். தள்ளியது நானில்லை.

மாமியார் விஷயத்தில் எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. தெரிந்தே காய்ச்சினேன், தெரிந்தே தடவினேன், செத்தார். தொண்டைக்குள் இறங்காதது மருந்தில்லை என்றவருக்கு அவர் உடம்பிலேயே காட்டினேன். என் குழந்தையைக் கொன்றவர் அவர். அதை மட்டும் நன்றாக எழுதிக்கொள்ளுங்கள்.

வாயில் ஒன்றும் ஊற்றாதே என்று டாக்டர் சொன்னதை அன்றைக்கு மாமியாரிடம் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். சொல்லவில்லை. சொன்னால் கேட்டிருப்பாரா? குழந்தை என் மடியில்தான் கிடந்தது. அவர் கஷாயத்தை ஆற்றிச் சங்கில் எடுத்து நீட்டினார். அவருக்குக் கை நடுங்கும், அதனால் வாங்கிக்கொண்டேன்.

ஊற்றியது நான்தான், ஐயா. ஆனால் ஊற்றச் சொன்னது அவர் என்று அதற்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.