மதகடிச் சுவரும் முப்பத்தொரு கெண்டையும்

– ஆட்டாமல் பிடியுங்கோ றஞ்சிதம் அக்கா. கம்பு சரிஞ்சால் அளவும் பிழைச்சுப் போகும்.

– புடிச்சிருக்கேன் மயூரி மிஸ். பாசி வழுக்குது. எவ்வளவு வருது?

– நாப்பத்திரண்டு சென்டிமீட்டர். மே மாசமும் இதுதான்.

– அப்ப நம்ம சுவரு கொஞ்சங்கூட எறங்கல.

– இறங்கேல்லை. நல்லாத்தான் கட்டியிருக்கிறியள். அதுதான் எனக்குப் பிரச்சினை.

– உள்ளதச் சொல்லுங்க மிஸ். இடிச்சுருவாங்களா?

– மீன் ஏற ஏலாத சுவர் எண்டு நான் மீன் ஆய்வு அறிக்கையில எழுதினால், இடிக்கச் சொல்லித்தான் மேலிடத்தில முடிவெடுப்பினம். மழை தொடங்கினா கெண்டை களனி ஆத்தில இருந்து இந்த வாய்க்காலால மேல போய்த்தான் முட்டை போடும். இந்த மதகடியில உங்கட சுவர் மறிக்குது.

– சுவரு இல்லாட்டி ஆத்துத் தண்ணி எதுத்து வந்து எங்க வீட்டுக்குள்ள பூந்துரும் மிஸ். அந்தப் பெரிய வெள்ளத்துல எங்க மக துஷ்யந்தி எட்டு மாசம் முழுகாம இருந்தா. மேசை மேல நாற்காலியப் போட்டு, அது மேல புள்ளய ஒக்கார வச்சு, நான் இடுப்பளவு தண்ணியில ஒரு நாள் பூரா அவ காலப் புடிச்சுக்கிட்டே நின்னேன். அதுக்கப்புறந்தான் இங்க உள்ள பதினாலு வீடும் சேந்து கட்டுனோம்.

– தெரியும் அக்கா. போன தரமும் சொன்னனீங்கள். வெள்ளவத்தையில வீட்டுக்குப் போய்ச் சோத்துக் கோப்பைக்கு முன்னால இருந்தாலும் எனக்கு அந்த மேசைதான் கண்ணுக்குள்ள நிக்குது.

– தேத்தண்ணியக் குடிங்க. ஆறிப் போகுது.

– பொறுங்கோ, ஒரு நல்ல செய்தி இருக்கு. இண்டைக்குக் காலமை சுவருக்கு மேல் பக்கம் வலை போட்டனான். முப்பத்தொரு கெண்டை! எல்லாம் வயித்தில முட்டையோட. போன மாசம் பத்தொன்பதுதான்.

– அப்படீங்களா.

– எனக்கு நம்பவே ஏலாமல் கிடக்கு. கீழ நிண்டு பாயிறதுக்கு ஆழமும் இல்லை. ஆனா மேல வந்திருக்கு. அப்ப இந்தக் கெண்டை நாப்பத்திரண்டு சென்டிமீட்டர் பாயுது எண்டுதானே அர்த்தம்? சுவரை இடிக்கத் தேவையில்லை எண்டே எழுதலாம். ஏன் அக்கா முகம் மாறுது? சந்தோசப்படுவியள் எண்டு நினைச்சன்.

– சந்தோசந்தான். ஆனா மிஸ், அந்தக் கணக்கு இந்த எடத்துக்கு மட்டுந்தானா?

– இல்லையே. இந்தப் பருவத்தில நாங்கள் பாக்கிற எல்லாச் சுவருக்கும் அணைக்கும் இதைத்தான் வைப்பம். நாப்பத்திரண்டுக்குக் குறைஞ்சதெல்லாம் பரவாயில்லை எண்டு விட்டிடுவம்.

– அங்க உள்ள மீனு பாயாட்டி?

– பாயாட்டி என்ன, கீழயே கிடந்து மோதி மோதிச் சாகும். ஏன் கேக்கிறியள்?

– எழுதாதீங்க மிஸ்.

– என்ன?

– அதுக பாயல. நாந்தான் வாளியில அள்ளி அந்தப் பக்கம் விட்டேன்.

– அக்கா!

– மே மாசம் நீங்க வந்து மீனு மறிபடுறதக் காட்டிட்டுப் போனீங்கள்ல, மறுநாள் விடியக்காலம் வந்து பாத்தேன். வயித்தத் தள்ளிக்கிட்டு வந்து மோதுது, விழுது, மறுபடி வந்து மோதுது. சுவரையும் எடுக்க முடியாது. பாத்துக்கிட்டு நிக்கவும் முடியல.

– இதைச் சொன்னால் சுவர் போகும் எண்டு தெரிஞ்சுகொண்டோ சொல்றியள்?

– தெரியும். ஆனா மத்த எடத்துல வாளியோட யாரும் இல்லையே மிஸ்.

– இந்தத் தேத்தண்ணியை ஒருக்காப் பிடியுங்கோ அக்கா.

– அழுவுறீங்களா?

– இல்லை. கண்ணில தண்ணி தெறிச்சிட்டுது. கொஞ்சம் கதைக்காமல் இருங்கோ, யோசிக்கிறன். ம்… இந்தச் சுவரடி மீன் கணக்கை நான் முழுசா வெட்டவேணும். ஏன் வெட்டினனான் எண்டும் எழுதவேணும்.

– வெட்டுங்க மிஸ். எழுதுங்க.

– ஆனா இடிக்கச் சொல்லி எழுத மாட்டன். சுவருக்குக் கீழ பெரிய கல்லுகளை அடுக்கிச் சரிவாக் கட்டினா, மீன் ஆறியாறி ஏறிப் போகும். சுவர் இதே உயரத்தில நிக்கும். இருங்கோ, எங்கட மேலதிகாரி சேருக்கு இப்பவே போன் எடுக்கிறன். ஹலோ, ஜெயகுமார் சேர்? மட்டக்குளியில நிக்கிறன். காலமை சொன்ன அந்த முப்பத்தொரு கெண்டைக் கணக்கு பிழை சேர். மீன் பாயேல்லை, சனம் தூக்கி விட்டிருக்கு. ஓம் சேர், வாளியால… சிரியாதேங்கோ சேர். எனக்குக் கல் சரிவு ஒண்டு வேணும். சுவரில கை வைக்க விடமாட்டன். ஓம்… ஓம்… வியாழக்கிழமையே வாங்கோ. தாங்ஸ் சேர்.

– என்ன சொல்றாரு?

– வந்து பாக்கிறாராம். சரிவு கட்டுறதுக்குத் தானே எழுதித் தாறாராம். அதுவரைக்கும் சுவரை ஒருத்தரும் தொட மாட்டினம்.

– மிஸ்… கையக் குடுங்க, மேல ஏறுங்க. உங்க காலெல்லாம் வெறச்சுப் போச்சு.

– என்ர காலை விடுங்கோ. மே மாசம் தொடங்கி இண்டைவரைக்கும், இந்தப் பாசிக்குள்ள, ஒவ்வொரு நாளும் நீங்கள் தனியாவோ இறங்கினனீங்கள்?

– தனியா முடியுமா மிஸ்? பதினாலு வீடும் முறை போட்டுத்தான். இன்னைக்குப் பக்கத்து வீட்டு லுத்பியா ராத்தா முறை. நீங்க எப்படா போவீங்கன்னு, அந்தா, மதகுக்கு அந்தப் பக்கம் வாளியோட ஒளிஞ்சு நிக்கிறாங்க.