விழாத சனம்

ராகவி: அன்ரி, நான் கேட்டது உங்களை. மறுமொழி அங்கிளிட்ட இருந்து வருது.

நித்தியானந்தன்: ஆர் சொன்னா என்ன பிள்ளை? மறுமொழி ஒண்டுதானே. விழேல்லை.

ராகவி: சரி. அன்ரி, போன ஒரு வருசத்துக்குள்ள எங்கையாவது விழுந்தனீங்களா?

சிவனேஸ்வரி: அதுதான் அவர் சொல்லிப்போட்டாரே.

ராகவி: அங்கிள், நீங்களும் இந்த வீட்டிலயா இருக்கிறீங்கள்?

நித்தியானந்தன்: சீச்சீ! நான் முன் வீட்டுக் கதவு. ரீச்சர் இந்தக் கதவு.

சிவனேஸ்வரி: பிசியோதெரபிப் பிள்ளை வாறா எண்டு சொன்னனான். மொழிபெயர்க்க வந்தவர்.

ராகவி: நான் தமிழில தானே கதைக்கிறன்!

நித்தியானந்தன்: அது நீர் வந்தாப் பிறகுதானே தெரிஞ்சது. வந்து இருந்திட்டன். உடன எழும்பிப் போறது மரியாதை இல்லைப் பாரும்.

ராகவி: இருங்கோ, இருங்கோ. வீட்டில அன்ரி தேடமாட்டாவோ?

நித்தியானந்தன்: அவ மோசம் போய் ஆறு வருசம்.

ராகவி: ஓ... சொறி அங்கிள்.

சிவனேஸ்வரி: என்ர அவர் போனதும் அதே வருசம்தான். தேத்தண்ணியைக் குடியும் பிள்ளை, ஆறுது.

ராகவி: குடிக்கிறன். அன்ரி, நான் ஒளிக்கேல்லை. உங்கட மகன் கீர்த்தனன் அண்ணாதான் மெல்பேர்னில இருந்து கோல் எடுத்து என்னை வரச் சொன்னவர். வீடியோவில நீங்கள் இடக்கையால கறி கிண்டினீங்களாம்.

சிவனேஸ்வரி: இடக்கையால கிண்டினா கறி வேகாதோ?

ராகவி: அவர் கேட்டது ஒண்டே ஒண்டு. அம்மா இஞ்சை ஹோம்புஷில தனிய இருக்கலாமோ, இல்லாட்டி அங்க தங்கட கிரான்பர்னுக்குக் கூட்டிக்கொண்டு போகவேணுமோ? நான் சொல்லுறதை வைச்சுத்தான் முடிவெடுப்பாராம்.

சிவனேஸ்வரி: முடிவெடுக்கிறதோ? அறைக்குப் பெயின்ற் அடிச்சாச்சு. மருமகள் படம் அனுப்பினவ. கத்தரிப்பூ நிறம்.

நித்தியானந்தன்: கிரான்பர்னில பால் வாங்கவும் ஆராவது கார் எடுக்கவேணும். இஞ்சை கீழ இறங்கினா ரெயின், தோசைக்கடை, மரக்கறிக்கடை...

ராகவி: அங்கிள், உங்களை ஒருத்தரும் கிரான்பர்னுக்குக் கூப்பிடேல்லையே?

நித்தியானந்தன்: பொதுவாச் சொன்னனான்.

ராகவி: உங்களுக்குப் போக விருப்பமில்லையோ அன்ரி?

சிவனேஸ்வரி: நல்ல பிள்ளையள், பிழை சொல்லேலாது. போன முறை போய் நிக்கேக்க என்ர கோப்பையையும் தாங்களே கழுவிச்சினம். குசினிக்குள்ள கால் வைச்சா "அம்மா, இருங்கோ". முற்றத்துக்குப் போனா "அம்மா, கவனம்". இருந்து இருந்து எனக்கு இருக்கிறதே மறந்துபோச்சு.

நித்தியானந்தன்: இவ இஞ்சை நிக்கவேணும் பிள்ளை. அவ்வளவுதான்.

ராகவி: அப்ப எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ. நான் விழுறதைப் பற்றித்தான் படிக்கிறன். வயசுபோன வெள்ளைக்காரர் கனக்க விழுறினம். சைனீஸ், இந்தியன்ஸ், எங்கட ஆக்கள் எல்லாம் அவையளை விடக் குறைவு எண்டு கனக்க ஆராய்ச்சி சொல்லுது.

நித்தியானந்தன்: கேட்டீங்களோ ரீச்சர்? விஞ்ஞானம்!

ராகவி: ஏன் குறைவு எண்டுதான் ஒருத்தருக்கும் நிச்சயமாத் தெரியாது.

நித்தியானந்தன்: என்னட்டக் கேட்டிருக்கலாம். எழுதும். ஒண்டு, நாங்கள் நிலத்தில இருந்து எழும்பின சனம். ரெண்டு, வீட்டுக்குள்ள வெறுங்கால். மூண்டு, வல்லாரைச் சம்பல்.

சிவனேஸ்வரி: வல்லாரை ஞாபகசக்திக்கெல்லோ?

நித்தியானந்தன்: விழக்கூடாதெண்டு ஞாபகம் இருக்கவேணுமெல்லோ?

ராகவி: என்ர சந்தேகம் வேற அங்கிள். எங்கட ஆக்கள் விழுறேல்லையோ, விழுந்திட்டுச் சொல்லுறேல்லையோ?

நித்தியானந்தன்: ரீச்சர், தேத்தண்ணி ஆறப்போகுது.

சிவனேஸ்வரி: ஓம், குடிப்பம்.

ராகவி: என்ன, ரெண்டு பேரும் ஒரேயடியாத் தேத்தண்ணி குடிக்கிறீங்கள்?

சிவனேஸ்வரி: மேல்வீட்டு மாக்ரெட் போன மாதம் விழுந்தவ. வாற போற ஆக்களுக்கெல்லாம் காலைத் தூக்கிக் காட்டினவ. அவவுக்குப் பூங்கொத்து வந்தது, கேக் வந்தது. நான் விழுந்தா வாறது பிளேன் ரிக்கற். அதுகும் ஒருவழி.

ராகவி: அப்ப விழுந்தனீங்கள்.

சிவனேஸ்வரி: விழுந்தா எண்டு சொன்னனான்.

ராகவி: இஞ்சை நோவெண்ணெய் மணக்குது.

நித்தியானந்தன்: அது நான். முழங்கால்.

ராகவி: அன்ரியின்ர கையில இருந்தெல்லோ மணக்குது.

நித்தியானந்தன்: அவதானே பூசி...

சிவனேஸ்வரி: தேத்தண்ணியைக் குடியுங்கோ நீங்கள்!

ராகவி: கையை நீட்டுங்கோ அன்ரி. அந்தக் கையில்லை, மற்றக் கை. சீலைத் தலைப்பை எடுங்கோ... ஆ. கண்டிச் சிவந்து, நீலமாகி, இப்ப மஞ்சள். ஒரு கிழமைக்கு மேல. டொக்ரரிட்டக் காட்டினனீங்களா?

சிவனேஸ்வரி: எங்கட டொக்ரரின்ர மனுசி மேய்ஸ் ஹில் கோயில் பஜனையில எனக்குப் பக்கத்தில இருக்கிறவ. எக்ஸ்ரே வரமுந்தி கதை கிரான்பர்னுக்குப் போயிடும்.

நித்தியானந்தன்: அடுத்த ஸ்ரேசனில ஒரு கொரியன் டொக்ரரிட்டக் காட்டினனாங்கள். முறிவில்லை.

ராகவி: காட்டினனாங்களோ?

நித்தியானந்தன்: நான் லிஃப்ற் குடுத்தனான்.

ராகவி: காரிலயோ?

நித்தியானந்தன்: ரெயினில.

ராகவி: ரெயினில லிஃப்ற் குடுத்தனீங்கள்.

நித்தியானந்தன்: பக்கத்தில இருந்தனான் பிள்ளை. அதுகும் ஒரு உதவிதானே.

ராகவி: சரி. எங்க விழுந்தது?

சிவனேஸ்வரி: கோயில்ல.

நித்தியானந்தன்: குசினியில.

ராகவி: கோயில் குசினியிலயோ?

சிவனேஸ்வரி: கோயில் வீதியில. தேங்காய் உடைச்ச ஈரம்.

நித்தியானந்தன்: ஓம் ஓம், தேங்காய். தேங்காய் எண்டவுடன எனக்குக் குசினி எண்டு வந்திட்டுது.

ராகவி: அங்கிள், நீங்கள் என்ன உத்தியோகம் பாத்தனீங்கள்?

நித்தியானந்தன்: கோட்டில முதலியார், சாட்சியளுக்கு மொழிபெயர்க்கிற வேலை. ஏன் பிள்ளை?

ராகவி: சாட்சியள் பொய் சொல்லுறதைக் கன காலம் கேட்டிருக்கிறீங்கள். ஒண்டும் பழகேல்லை.

சிவனேஸ்வரி: நல்லாச் சொன்னீர்!

ராகவி: விடுங்கோ. எழும்புங்கோ அன்ரி. கதிரையைப் பிடிக்காமல்... சோக், நல்லா எழும்பினீங்கள். அந்தச் சுவர் மட்டும் நடந்து திரும்புங்கோ... சோக். இப்ப ஒற்றைக்காலில நில்லுங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன்.

நித்தியானந்தன்: நானும் நிக்கவோ?

ராகவி: உங்களை ஒருத்தரும் கேக்கேல்லை அங்கிள்.

நித்தியானந்தன்: சும்மா ஒரு துணைக்கு. பாரும், கொக்கு மாதிரி.

சிவனேஸ்வரி: கொக்கு ஆடுது.

நித்தியானந்தன்: ஆடேல்லை. காத்து.

சிவனேஸ்வரி: யன்னல் எல்லாம் பூட்டிக் கிடக்கு, காத்தாம். காலை ஊண்டுங்கோ... இஞ்சேருங்கோ! இஞ்சேருங்கோ, கவனம் எண்டெல்லோ சொல்லுறன்!

ராகவி: அம்மாடி! அன்ரி, ஒற்றைக்காலில நிண்டபடியே அங்கிளைப் பிடிச்சிட்டீங்கள்!

சிவனேஸ்வரி: கோவம் வந்தா எனக்குப் பலம் வாறது.

நித்தியானந்தன்: இன்னும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா பாரும்.

சிவனேஸ்வரி: விட்டா விழுந்து துலைப்பியள். இருங்கோ அதில.

ராகவி: எல்லாரும் இருங்கோ. அன்ரி, உங்கட கால் நல்ல பலம். பலன்ஸ் என்ர அம்மாவை விட நல்லம். நீங்கள் போடுற குளிசையும் தலை சுத்தப்பண்ணாது. கண்ணும் சரி. வீட்டில தடக்க ஒண்டும் இல்லை.

நித்தியானந்தன்: அப்ப அப்பிடியே மகனுக்குச் சொல்லும். நான் கொத்துரொட்டி எடுப்பிக்கிறன், சாப்பிட்டிட்டுப் போம்.

ராகவி: அதுதான் பிரச்சினை அங்கிள். காரணத்தோட விழுந்தா, காரணத்தைத் திருத்தலாம். இவ்வளவு நல்ல பலன்ஸ் உள்ள ஒராள் காரணமில்லாமல் விழுந்தா, அது மயக்கமோ, இதயமோ, மூளையோ எண்டு தேடவேணும். தேடி முடியுமட்டும் தனிய விடேலாது. கிரான்பர்ன் எண்டுதான் நான் சொல்லவேண்டி வரும்.

சிவனேஸ்வரி: தேங்காய்த் தண்ணி எண்டு சொன்னனானெல்லே?

ராகவி: கோயில் தேங்காயோ, குசினித் தேங்காயோ?

நித்தியானந்தன்: சொல்லுவம், சிவனேசு.

சிவனேஸ்வரி: இன்னும் ரெண்டு கிழமை பொறுப்பம் எண்டு நீங்கள்தானே சொன்னது?

நித்தியானந்தன்: உம்மைப் பிளேனில ஏத்தினாப் பிறகு நான் ஆருக்குச் சொல்லுறது?

சிவனேஸ்வரி: எனக்கு வெக்கமாக் கிடக்கு.

நித்தியானந்தன்: அண்டைக்கு நடுப் படியில குந்தியிருந்து, கையையும் பொத்திக்கொண்டு அவ்வளவு சிரிப்புச் சிரிச்சீர். அப்ப எங்க போனது வெக்கம்?

ராகவி: படியோ? எந்தப் படி? இந்த வீட்டில படியே இல்லையே.

சிவனேஸ்வரி: ரவுணுக்குள்ள... ஒரு அரசாங்கக் கந்தோர்ப் படி.

ராகவி: ஈரமாக் கிடந்ததோ?

நித்தியானந்தன்: காய்ஞ்சு கிடந்தது. ரெண்டு பக்கமும் கைபிடி. படியில ஒரு பிழையும் இல்லை, நான் சாட்சி.

ராகவி: தலை சுத்தினதோ அன்ரி? கண் இருண்டதோ? நெஞ்சு படபடத்ததோ?

சிவனேஸ்வரி: நெஞ்சு... ஓம், கொஞ்சம்.

ராகவி: அன்ரி!

சிவனேஸ்வரி: ஐயோ, பயப்படாதேயும் பிள்ளை. அது நோய் வருத்தமில்லை.

ராகவி: என்னட்டச் சொல்லுறதுக்கு என்ன? நான் கோயில் பஜனைக்கே வாறேல்லை.

சிவனேஸ்வரி: மாக்ரெட் விழுந்தா எங்க விழுந்தனீ எண்டு கேக்கினம். நான் விழுந்தா ஆரோட போய் விழுந்தனீ எண்டு கேப்பினம். அதுதான் எங்கட சனம் விழுறேல்லை. விளங்கிச்சோ உம்மட ஆராய்ச்சி?

ராகவி: விளங்குது... இப்பதான் விளங்குது... அப்ப நான் கீர்த்தனன் அண்ணாவுக்கு என்ன சொல்ல? அம்மா தனிய இருக்கலாமோ எண்டுதானே அவர் கேக்கிறார்.

சிவனேஸ்வரி: அம்மா தனிய இருக்கமாட்டா எண்டு சொல்லும். எங்கட கலியாண எழுத்துக்கு அந்தக் கந்தோரில நாள் பதிஞ்சுகொண்டு வெளிய வந்தனாங்கள். இறங்கேக்க நான் படியைப் பாக்கேல்லைப் பிள்ளை, இவரைப் பாத்துக்கொண்டு இறங்கினனான்.