சம்பந்தி மூடிய இலை

மார்கழிக் காலையொன்றில், போடியிலிருந்து தேனிக்குச் சென்ற பேருந்தில், என் முன்னிருக்கைப் பெண் திடீரென்று கூறினாள்: "போன மாசம் பரிசம் போட வந்த சம்பந்திக்கு, நெய்யினு சொல்லி வனஸ்பதிய ஊத்திட்டேன், மதினி."

"அவுகளுக்கு என்ன தெரியப்போகுது?" என்றாள் அருகிலிருந்த மதினி.

"அவுக கெமிஸ்ட்ரி வாத்தியாராம். எண்ணெயில ஹைட்ரஜன் வாயுவ ஏத்தினா வனஸ்பதியா இறுகிரும்னு பாடம் நடத்துறவுகளாம். மக இப்பத்தான் சொல்றா."

"சொல்லிக் காட்டினாகளா?"

"இல்ல. எங்க எருமை நெய்யினு நான் பெருமையடிக்கையில, இலையோரத்துல அது நெய்யாட்டம் மணல்மணலா இல்லாம, மெழுகாட்டம் வெள்ளையா உறைஞ்சு கெடந்துச்சு. அவுக அண்ணன் குனிஞ்சு பாக்கறதுக்குள்ள சம்பந்தி இலைய மூடிட்டாக."

"அப்பக் கலியாணம் நின்னுபோகாது, விடு."

"நிக்காதுதான். போகையில, 'நெய் நல்லா இருந்துச்சு'ன்னு சொன்னாக, மதினி."

அதன்பின் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.