தொட்டுச் சொல்லு, பச்சையம்மா

அட, கைய எறக்குங்கண்ணே. கொழந்த மேல கைய ஓங்காதீங்க. தொடச் சொன்னது நாந்தான். திட்டறதுன்னா என்னியத் திட்டுங்க, ரெண்டு வார்த்த ஜாஸ்தியாவே திட்டுங்க, வாங்கிக்கிறேன். அவள வுட்டுடுங்க. இன்னிக்கி ஒரு நாளு அவள யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது.

போர்டு கீதுதான், இல்லன்னா சொன்னேன்? எனக்குப் படிக்கத் தெரியாது. அவளுக்குத் தெரியும், மூணாங்கிளாசு. தொடக்கூடாதுன்னு போட்டுக்கீது நைனான்னு அவதான் படிச்சிக் காட்டினா. பரவால்ல தொடுன்னு சொன்னவன் நானு. இந்த முதலை செத்து எத்தினி வருசமாச்சோ, இன்னா, எழுந்து கடிச்சிடவா போவுது? கயித்துக்கு உள்ள கைய மட்டும்தான் வுட்டா. ஒரு செதிலு உதுந்துதா பாருங்க. இல்லல்ல?

இப்பிடிக் குந்திக்கட்டுமா? காலு ரெண்டும் வுட்டுப்போச்சி. நீங்களும் குந்துங்களேன், தொரைங்க யாரையும் காணமே. சரி, நின்னுக்கினே இருங்க, காவக்காரரு வேல அப்பிடி.

ஆம்பூருண்ணே. பேரு முனிரத்தினம். தோலு பதம் போடற ஷாப்புல வேல. மூக்கச் சுளிக்காதீங்க, குளிச்சிட்டுதான் வந்தேன், சீக்கா போட்டுத் தேச்சாலும் அந்த வாசன போவாது. எங்க தெருவுல எல்லாருக்கும் அதே வாசனதான், அதனால யாருக்கும் வாசனயே இல்ல. இவ பெரியவ, பச்சையம்மா, எட்டு வயசு. அதோ அந்தத் தூணக் கட்டிப் புடிச்சிக்கினு வரமாட்டேன்றானே, அது சின்னவன் ஏழுமல. வெளிய கீற பீரங்கி மேல ஏத்தி வுடணுமாம் அவனுக்கு. டேய், தூண வுடு சொல்றேன். இவுரு புடிச்சி அந்தக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிடுவாரு. ஆமான்னு சொல்லுங்கண்ணே, அப்பத்தான் கேப்பான்.

பெரிய லீவு வுட்டுட்டாங்க. தெருவுல கீற பசங்கெல்லாம் மாமன் வூடு, அத்த வூடுன்னு கெளம்பிடுச்சிங்க. ஒண்ணு திமிரிக்கு, ஒண்ணு கலவைக்கு, எதுத்த வூட்டுது திருப்பத்தூருக்கு. கெளம்பறதுன்னா இதான் நேரம்னு நானும் கெளம்பிட்டேன். லீவுல ஒரு புள்ள ஊர்ல இல்லன்னா எங்கடா போச்சின்னு யாரும் கேக்க மாட்டாங்க பாருங்க. அதுவும் இல்லாம இவளோட வாத்தியாரு துரைசாமி, மெட்ராஸ் செத்த காலேஜுல, அதான் உங்க மியூசியத்துல, வூடு அகலத்துக்கு ஒரு மீனு எலும்பு தொங்குதுன்னு கிளாசுல சொல்லிட்டாராம். அன்னிலேர்ந்து ரெண்டு வருசமா நச்சரிப்பு. எப்ப கூட்டிக்கினு போவ, எப்ப கூட்டிக்கினு போவன்னு. ஷாப்புல லீவு கெடச்சாதானே? இந்த வாட்டி மொதலாளி சாயபே போடான்னுட்டாரு.

காத்தால பாசஞ்சருல ஏறினோம். காட்பாடியாண்ட இந்தப் பையன் பக்கத்துல குந்திக்கினு இருந்த ஒரு பெரிய மனுசரு வேட்டில வாந்தி எடுத்துட்டான். அவுரு அரக்கோணம் வரைக்கும் என் பாட்டன் முப்பாட்டன் எல்லாரையும் கூப்ட்டாரு. சென்ட்ரல்ல எறங்கி பெரியமேட்டு வழியா நடந்தே வந்துட்டோம். எங்க ஷாப்புத் தோலெல்லாம் அங்க மண்டிக்குத்தான் வரும். பாருங்கடா, நைனா தொட்ட தோலுன்னு காட்டினேன். எது நைனா, எதுன்னு எல்லாக் கடையாண்டயும் நின்னுட்டா இவ. அவ்ளோ சந்தோசம்.

மீனு எலும்பு பாத்தோம், பாக்காம? வாயத் தொறந்தவ மூடவே இல்ல. எண்ணிக்கினே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போறா. இத்த யாரு நைனா துன்னதுன்னு கேக்கறான் சின்னவன். ஆமா, அங்க பஞ்சு அடைச்சி நிக்க வெச்சிக்கீற புலிய யாருண்ணே பதம் போட்டது? வயித்துத் தையலு பல்ல இளிக்குது, காதாண்ட மயிரு கொட்டிப் போயிக்கீது. எங்க அப்துல் சமத் சாயபு பாத்தார்னா போட்டவன நிக்க வெச்சி ஒதைப்பாரு. கோச்சிக்காதீங்க, தோலப் பாத்தா எனக்கு வாயி சும்மா இருக்காது.

ஏன் தொடச் சொன்னேன்னுதானே கேக்கறீங்க? சொல்றேன். பன்னண்டு வருசம் சுண்ணாம்புத் தொட்டில கெடந்தேன். அப்பால சமத் சாயபு தரம் பாக்கற எடத்துல போட்டாரு. அங்க கண்ணு வேல இல்ல, வெரலு வேல. தொட்டா சொல்லணும், வெள்ளாடா செம்மறியா, கழுத்தா வயிறா, உண்ணி கடிச்ச தழும்பு கீதா இல்லியான்னு. வூட்டுக்கு துண்டுத் தோலு கொண்டாந்து பசங்களுக்குக் கண்ணக் கட்டிவுட்டு, தொட்டுச் சொல்லுன்னு ஆட்டம் ஆடுவோம். சின்னவன் எத்த தொட்டாலும் ஆனைம்பான். இவ தொட்ட ஒடனே சொல்லிடுவா. சாயபே ஒரு நா சோதிச்சிப் பாத்துட்டு, இது ஆம்பளப் புள்ளயா பொறந்திருந்தா உன் வேல போயிருக்கும்டான்னு சிரிச்சாரு.

இப்ப அவளால சொல்ல முடியலண்ணே.

இந்த வலது கை. மணிக்கட்டுக்கு மேல ஒரு ரூபா அகலத்துக்கு வெளுத்துது. மத்தியானம் எனக்குக் கஞ்சி எடுத்தாருவா, தொட்டியாண்டதான் வெளயாடுவா, சுண்ணாம்பு பட்டிருக்கும்னு வுட்டுட்டேன். இதோ என் கையப் பாருங்க. வெளுத்து, மரத்து, வெடிச்சி. எங்க ஷாப்புல எவன் கையும் இப்பிடித்தான். மத்த ஊர்ல ஒடம்பு வெளுத்தா வைத்தியரத் தேடுவாங்க, எங்க தெருவுல தேங்காண்ணெயத் தேடுவோம். ஒண்ணேகால் வருசம் தேச்சேன். நானே, இந்தக் கையால தெனம் தேச்சேன். ஆயிரம் தோலத் தொட்டுத் தரம் சொல்றவனுக்குப் பெத்த பொண்ணு தோலு தெரியல, பாத்தீங்களா? மடப்பய. என்ன மாதிரி மடப்பய ஒலகத்துல இல்ல.

அப்பால ஒரு நா கொதிக்கிற கஞ்சிப் பானைய வெறுங்கையால எறக்கி வெச்சா. அவங்கம்மா அலறினா பாருங்க, ஐயோ கையி, கையின்னு. இவ, எதுக்கும்மா கத்தறேன்றா. வெரலெல்லாம் கொப்பளம். சமத் சாயபு அன்னிக்கே வேலூருக்கு இட்டுக்கினு போன்னாரு. அங்க டாக்டரம்மா இவ கண்ணக் கட்டிட்டு கோழி எறகால தொட்டாங்க, குண்டூசியால குத்தினாங்க. இவ நம்ம ஆட்டம்னு நெனச்சிக்கினு சிரிக்கறா. சிரிச்சிக்கினே குத்தினது எங்கன்னு தப்புத் தப்பா சொல்றா. நான் செவுத்தப் பாத்துத் திரும்பி நின்னுட்டேன்.

டாக்டரம்மா ஒண்ணு சொன்னாங்க. அது எதுக்கு இப்ப. எம்மனசு கேக்கல. தெனம் எதயாவது தொடச் சொல்றேன். உப்பு, தவுடு, கோணி. ஒண்ணும் ஆவல. இங்க வந்ததும் முதலயப் பாத்தேன். இந்த ஒலகத்துலயே இதவிடச் சொரசொரப்பா தோலு கெடையாதுண்ணே. இது தெரியலன்னா வேற எது தெரியும்? ஒரே ஒரு வாட்டி அவ சரியா சொல்லிட்டா போதும். டாக்டரம்மா சொன்னது பொய்யின்னு தல முழுவிட்டு, நேரா சென்ட்ரலுக்குப் போயி ஊரு வண்டில ஏறிடுவேன். மூணு பேரும். நீங்க கத்தசொல்ல பாதிலயே கைய எடுத்துட்டா. இன்னொரு வாட்டி வுடுங்கண்ணே. கூட்டம் போயிடுச்சி. நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கினா போதும், பாக்கலன்னு சொல்லிடலாம். உங்க வூட்லயும் பேரப்புள்ளைங்க இருக்கும்.

நீங்க நல்லா இருக்கணும்.

பச்சம்மா, வாம்மா இங்க. கண்ண மூடு, நைனா கைக்குட்டையால கட்டி வுடறேன். கண்ணு தெரியுதா? பொய் சொல்லக் கூடாது. சரி. டேய் ஏழுமல, நீ வாயத் தொறந்த, அவ்ளோதான். வலது கையக் குடு கண்ணு. மொதல்ல வெச்சி அமுக்கு. ம். மெதுவா தடவு. இன்னா தெரியுது, சொல்லு.

கேட்டீங்களா? கேட்டீங்களாண்ணே? சொரசொரன்னு கீதாம். கட்டம் கட்டமா, பனமரத்துல கை வெச்ச மாதிரி கீதாம். முதல நைனா, முதலன்றா.

நீங்க இந்தப் பக்கம் திரும்பிட்டீங்க. நான் பாக்கலன்னு நெனைக்காதீங்க. அவ கை எது மேல கீதுன்னு நல்லாப் பாருங்க.

கிட்ட வாங்க, அவ காதுல வுழக் கூடாது. என் துண்டுண்ணே. முதல மேல நான் மடிச்சி வெச்ச துண்டு. பருத்தித் துண்டு.

எங்க ஷாப்புல புதுசா தரம் பாக்க வர்றவன அப்பிடித்தான் சோதிப்போம். வெள்ளாட்டுக் கட்டுக்குள்ள ஒரு செம்மறித் தோலச் சொருவி வெப்போம். தெரியாதவன், மேஸ்திரி மொகத்தப் பாத்து எல்லாத்தையும் வெள்ளாடுன்னுடுவான். அந்தப் புத்தி வுடல எனக்கு. பெத்த பொண்ணாண்ட போயி அந்த வேலயக் காட்டினேன் பாருங்க. அவ திருட்டு வேல பண்றவ இல்ல. நான் எத்தக் கேக்க ஆசப்படறேன்னு அவளுக்குத் தெரியும், அத்த சொல்லிட்டா. நடுவுல ரெண்டு நாளு உப்பையும் தவுட்டையும் எப்பிடி சரியா சொன்னான்னு இப்பத்தான் புரியுது. அப்பகூட கண்ணோரத்துல பாத்திருப்பா. ஒண்ணும் ஆவலன்னு உங்களாண்ட சொன்னேனே, அந்த ரெண்டு நாளும் கொணமாவுதுன்னு நானே என்னிய ஏமாத்திக்கினு, அவங்கம்மாவையும் ஏமாத்தினேன். அவ புள்ளையாருக்குத் தேங்கா கூட ஒடச்சிட்டா.

வுடுங்க. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் இன்னா, மொழம் இன்னா.

எழும்பூரு ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம்ணே போவணும்? கிட்டதானா? இல்ல, சென்ட்ரலு இல்ல. அது நானும் பையனும் ஊருக்குத் திரும்பசொல்ல. இப்ப செங்கல்பட்டு வண்டி. அந்த ஊராண்ட குஷ்டரோக ஆஸ்பத்திரி கீதாமே, பசங்களுக்குன்னு தனியா ஒரு வூடு கீதாம், இந்த நோவுக்கு எண்ணெய ஊசியா போடுவாங்களாம், பள்ளிக்கூடம் கூட கீதாம். டாக்டரம்மா காயிதம் குடுத்துக்கீறாங்க. அங்க வுட்டுட்டு வரணும். எத்தினி வருசம்னு கேட்டதுக்கு அந்தம்மா காயிதத்த மடிச்சி என் கையில வெச்சாங்க.

ஏண்ணே தள்ளிப் போறீங்க? போங்க, தப்பில்ல. எங்க தெருவுக்குத் தெரிஞ்சா அவங்களும் இப்பிடித்தான் போவாங்க. அதுக்குத்தானே லீவுல இட்டாந்தேன். அவங்கம்மா ரயிலடிக்குக் கூட வரல, வந்தா அழுவா, ஊரே கேட்டுடும். தலவாரி, பூ வெச்சி, வாசக்காலுக்கு உள்ளயே நின்னுட்டா. பள்ளிக்கூடம் தொறந்தா துரைசாமி வாத்தியாரு பேரு கூப்புடுவாரு, அப்ப இன்னா சொல்றதுன்னு தெரியல. முதலையப் பத்திக் கவலப்படாதீங்க. செத்ததுக்கு ஒண்ணும் ஒட்டாது.

அவளுக்குத் தெரியுமான்னா? நான் சொல்லல. செத்த காலேஜு பாத்துட்டு வரலாம்னு மட்டும்தான் சொன்னேன். எப்பிடிண்ணே சொல்றது? நீங்கன்னா சொல்லுவீங்களா?

இரு கண்ணு, முடிச்சி இறுகிப்போச்சி, அவுக்கறேன் இரு.

இன்னாம்மா?

கேட்டீங்களாண்ணே. செங்கல்பட்டு வண்டிக்கு நேரமாவலியா நைனான்னு கேக்கறா.