கண்காட்சி டம்ளரில் வெட்டிய பேர்

பிள்ளைகளே, கிழக்கேகோட்டையிலிருந்து கழக்கூட்டம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். பைக்குள்ளிருந்து ஒரு டம்ளரை எடுத்துப் பார்த்த கணவர் அலறிவிட்டார்.

“ஏட்டி, ஜப்பான் உலகக் கண்காட்சி டம்ளர்ல உன் பேரா?”

“சாலைக் கடைத்தெருவுல பாத்திரக் கடைக்காரர்ட்ட குடுத்து வெட்டினேன்.”

“கண்காட்சிச் சாமான் சேக்குற கழக்கூட்டத்து சாரு இதுக்குப் பதிலா பாரீஸ் கண்காட்சித் தட்டு தாறேன்னு சொல்லியிருக்காரே! பேரு வெட்டினத இனி யாரு வாங்குவா?”

“யாரும் வாங்கப்பிடாதுன்னுதானே வெட்டினேன். நான் தெனமும் காப்பி குடிக்கிற டம்ளராக்கும்.”

அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அம்மாள் விடவில்லை.

“வீட்டுல ஒரு அலமாரி நெறைய கண்காட்சிச் சாமான் கெடக்குல்லா? அதுல ஒண்ணக் குடுங்க.”

“அதெல்லாம் என் உசுருட்டி!”

“இது என் காப்பியாக்கும்,” என்று டம்ளரைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார் அந்த அம்மாள்.