புதுச் செருப்பு

— கால் அசைஞ்சுது டாக்டரம்மா! என் ரெண்டு கண்ணால பாத்தேன். மாடிப்படியில உருண்டு முதுகெலும்புல அடிபட்டதுலேருந்து அஞ்சு வருஷமா என் சம்சாரத்துக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. அந்தக் கால் செவ்வாக்கிழமை சாயங்காலம் வெடுக்குன்னு உதறிச்சு. அதைப் போயி ஒடிஞ்சிருக்குங்கறீங்களே!

— இந்தப் படத்தைப் பாருங்க மேஸ்திரி. இது தொடை எலும்பு. முழங்காலுக்கு நாலு விரல் மேல, குறுக்கே கோடு ஓடுது பாருங்க. கீழ்த்துண்டு பின்பக்கமா சாஞ்சு நிக்குது.

— சூடா இருந்துச்சே? ரத்தம் ஓட ஆரம்பிச்சிருச்சுன்னுல்ல நெனச்சேன்.

— உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சாலும் சூடாத்தான் இருக்கும்.

— குண்டாச்சே! சதை புடிக்குதுன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டேனே.

— அது வீக்கம்.

— அப்போ உதறினது?

— முறிஞ்ச இடத்துலேருந்து மூளைக்குச் சேதி போகல. வலி தெரியாது. ஆனா தசை தானா இழுத்துக்கும். வேற வழியில சொல்ல முடியாம, கால் அப்படித்தான் சொல்லும்.

— மேஸ்திரி, கொஞ்சம் உக்காருங்க. டாக்டர், என் வீட்டுக்காரருக்குச் செவ்வாக்கிழமைலேருந்து கால் தரையில பாவல. எனக்குச் செருப்பு வேற வாங்கிட்டு வந்துட்டார். புதுச் செருப்பு, குதிகால் வச்சது! அஞ்சு வருஷம் கழிச்சு நடக்கறவளுக்குக் குதிகால் கேக்குதா?

— நீ சும்மா இரும்மா. டாக்டரம்மா, தகடு வச்சுத் திருகாணி போட்டு முடுக்குங்க. நான் இருபது வருஷமா மரத்துல முடுக்கறவன், எனக்குத் தெரியாதா?

— மத்தவங்களுக்குப் பெரும்பாலும் அதைத்தான் செய்வோம். இவங்க எலும்பு அஞ்சு வருஷமா பாரமே தாங்கல. உள்ள சல்லடையா இருக்கு. திருகாணி நிக்காது.

— உளுத்த பலகை மாதிரி.

— அப்படியே வச்சுக்கோங்க. இறுக்கி மாவுக்கட்டும் போட முடியாது. உறுத்தினா இவங்களுக்குத் தெரியாது, தோல் புண்ணாயிரும். பஞ்சு நெறைய வச்சு, அவுத்துக் கட்டற மாதிரி ஒரு கட்டு. தினம் ரெண்டு வேளை அவுத்துத் தோலைப் பாக்கணும். மூணு மாசம் படுக்கைதான்.

— மூணு மாசமா! பட்டறையில உப்புத்தாள் போடறது இவதான், டாக்டரம்மா. சக்கர நாற்காலியில உக்காந்தான்னா மேசைக்கால் ஒவ்வொண்ணும் கண்ணாடி மாதிரி ஆயிரும்.

— இப்போ நாற்காலி கூடாது.

— சரி. அதுக்கப்புறம்... நடக்கறது?

— அந்த நம்பிக்கையை நான் குடுக்க முடியாது மேஸ்திரி. கீழ கடையில பஞ்சுச் சுருள் நாலு வாங்கிட்டு வாங்க.

— வாங்கிட்டு வரேன். அதையாவது ஒழுங்கா செய்யறேன்.

— போயிட்டாரா? கதவைச் சாத்துங்க டாக்டர். ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்கம்மா.

— செவ்வாக்கிழமை காலையில, தினமும் செய்யற மாதிரி என் காலை மடக்கி நீட்டிட்டிருந்தார். மளுக்குன்னு ஒரு சத்தம். வலிக்கல. காது மட்டும்தானே எனக்கு நல்லா இருக்கு. என்ன சத்தம்னார். கட்டிலா இருக்கும்னேன்.

— நாலு நாளா மறைச்சீங்களா? நீங்க எவ்வளவு பெரிய ஆபத்துல இருந்தீங்க தெரியுமா?

— எப்படிச் சொல்றது? சாயங்காலம் கால் உதறிச்சுன்னு கொழந்த மாதிரி குதிக்கறார். அஞ்சு வருஷமா இந்த மனுஷன் ஒரு நாள்கூட அந்தப் பயிற்சிய விட்டதில்ல. உங்க கையிலதான் ஒடிஞ்சுதுன்னா, அப்புறம் அந்தக் கை உளி புடிக்குமா?

— அவர் மேல தப்பில்ல. இந்த எலும்பு புரண்டு படுத்தாலே ஒடியும்.

— அப்போ நான் புரண்டு படுத்ததுலதான் ஒடிஞ்சுது.

— நான் பொய் சொல்ல மாட்டேன்மா.

— பொய்யை நான் சொல்லிக்கறேன். நீங்க குறுக்க வராதீங்க, அது போதும்.

— பஞ்சு நாலு சுருள், டாக்டரம்மா. நல்லதாப் பாத்துக் கேட்டு வாங்கினேன். எப்படி ஒடிஞ்சுதுன்னு ஏதாவது தெரிஞ்சுதா?

— நான்தான் மேஸ்திரி. திங்கக்கிழமை ராத்திரி கட்டில் சட்டத்தப் புடிச்சுப் புரண்டு படுத்தேன். அப்பவே போயிருக்கும்.

— அப்போ செவ்வாக்கிழமை காலையில கேட்ட சத்தம்?

— அதான் அன்னிக்கே சொன்னேனே. கட்டில்.

— கட்டிலா?

— என்ன அப்படிப் பாக்கறீங்க? டாக்டர் முன்னாடி அழாதீங்க மேஸ்திரி. கட்டில்தான்.

— அது நான் செஞ்ச கட்டில்மா. ஒரு நாள் முனகினதில்ல. ஒடியற சத்தம் எதுன்னு எனக்குத் தெரியாதா? டாக்டரம்மா, அந்தச் சத்தம் கேட்ட கையோட, ஒண்ணும் ஆகலன்னு என்னையே நம்ப வைக்கக் கடைக்குப் போயி செருப்பு வாங்கினேன். கால் உதறினது அதுக்கப்புறம்தான்.