கோப்பைத் துண்டின் ஓரம்

ஓடுகிறேன். வெறுங்கால். வெள்ளிக்கிழமை, பின்னேரம் மூன்றே கால். தூரத்தில் ‘டும்’. எண்ணத் தொடங்குகிறேன். பதினொன்று எண்ணுவதற்குள் ஷெல் வந்து விழும். வன்னியில் எங்கள் ஊரில் எல்லாருக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.

“பங்கருக்குள்ள போ! நான் வாறன்!”

குசினியிலிருந்து யோகம் அக்கா கத்துகிறாள். அடுப்பில் தேத்தண்ணி. அடுப்பை அணைக்காமல் வரமாட்டாள். அப்படி ஒரு பிடிவாதம்.

நான் பதுங்குகுழிக்குள் குதித்தேன். காதுகளைப் பொத்தினேன். நிலம் இரண்டு முறை அதிர்ந்தது. இடையில் எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு ஷெல் எங்கள் குசினியில். மற்றது பக்கத்து வீட்டு வளவில். அங்கே பற்றிய தீ எங்கள் கிடுகுக் கூரைக்குத் தாவியது. எது முதலில்?

எங்கள் குசினியில் முதலில் விழுந்திருந்தால் அக்கா அந்த நொடியே போயிருப்பாள். தீ முதலில் வந்திருந்தால் புகைக்குள் உயிரோடு இருந்திருப்பாள். என்னைக் கூப்பிட்டிருப்பாள். நான் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். மறுநாள் காலையில்தான் வெளியே வந்தேன்.

அவளைச் சாக்கில் அள்ளினார்கள். சாம்பலில் அவளுடைய கோப்பையின் ஒரு துண்டு கிடந்தது. வெள்ளைப் பீங்கான், நீலப் பூ. எடுத்துக்கொண்டேன்.

படகு. கடல் தாண்டி மண்டபம் முகாம். பிறகு விருத்தாசலம் பக்கத்து முகாம். வந்த அன்றே அந்தத் துண்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அவளைக் கரியோடு வைத்திருக்க மனம் வரவில்லை.

செராமிக் பட்டறையில் வேலை கிடைத்தது. அச்சு பொருந்திய இடத்தில் பொம்மையில் விழும் கோட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு முகங்கள் என் கையில் திரும்பும். பேச ஒரு முகம் இல்லை. என்னைச் ‘சிலோன்காரம்மா’ என்பார்கள். பெயரை யாரும் கேட்டதில்லை.

சுனாமி வந்ததற்கு அடுத்த கோடை. சூளையில் தீ பார்க்கும் ஜாபர் பாய், மங்கலம்பேட்டைக்காரர், பிரவுசிங் சென்டரில் எடுத்த தாள்களோடு வந்தார். பழைய ஓடுகளின் படம் என்றால் அவருக்குப் பைத்தியம்.

பத்தூரின். உக்ரைனில் ஓர் ஊர் என்று தாளில் இருந்தது. கசாக்குகள் என்ற குதிரை வீரர்களின் தலைநகரம். 1669-ல் தலைநகரானது. மாளிகை, தேவாலயங்கள், சந்தை. குளிர் தேசம். வீட்டுக்குள் கணப்பு அடுப்பு, அதன்மேல் பூவேலை ஓடுகள். மாளிகை ஓடுகளில் தலைவரின் சின்னம். நாற்பது வருடம் கூட நிற்கவில்லை. 1708 நவம்பரில் ருஷ்ய அரசனின் படை புகுந்தது. பெண்களையும் பிள்ளைகளையும் வெட்டியது. ஊரைக் கொளுத்தியது. இப்போது வெளிநாட்டாரும் சேர்ந்து தோண்டுகிறார்கள். கரி அடுக்கு. பெட்டியில்லாமல் புதைத்த எலும்புகள். உடைந்த ஓடுகள்.

“படத்துல ஒடஞ்ச ஓரத்த பாருங்கம்மா. கரி ஏறியிருக்குது. மொதல்ல ஒடச்சிருக்காங்க, அப்புறந்தான் கொளுத்தியிருக்காங்க. ஓரம் சுத்தமா இருந்தா, முழுசா நெருப்புல கெடந்து அப்புறமா ஒடஞ்சதுன்னு அர்த்தம்.”

ஓரம் கறுத்திருந்தால் ஷெல் முதலில்; சுத்தமாக இருந்தால் தீ முதலில். பர்சிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“கழுவினீங்களா?”

“ஓம்.”

“மண்ணு ஓடுன்னா கரிய உள்ள இழுத்து வெச்சிக்கும். முன்னூறு வருசம் ஆனாலும் போவாது. பீங்கான் எதையும் இழுக்காதும்மா. தேச்சா போயிடும்.”

என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரியாது. தீயைப் பார்க்கப் போய்விட்டார்.

கண்ணை மூடிப் பார்க்கிறேன். அந்த ஓரம் கறுத்திருந்ததா? வரவில்லை. தேய்த்தபோது விரல் வலித்தது மட்டும் நினைவிருக்கிறது. என் சுத்தத்தின் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. பத்தூரினை அந்நியர்கள் கூட வந்து தோண்டுகிறார்கள். எங்கள் குசினியை யார் தோண்டுவார்கள்?

வாசிக்கிறவர்கள் மறக்காதிருக்க எழுதுகிறேன்.

யோகம் அக்கா, முப்பத்தொரு வயது. வீடு ஒன்று. குசினி ஒன்று. கோப்பைகள் ஆறு, மிச்சம் ஒரு துண்டு. அதன் ஓரத்தில் அக்கா எப்படிச் செத்தாள் என்று இருந்தது. அதைத் தேய்த்துக் கழுவியவள் நான்.